கன்னியாவுக்கு ஒரு காட்டுவழிப் பந்தயம்

திருகோணமலைக்கு வருகின்ற யாத்திரிகர் பெரும்பாலும் கடலை நோக்கியே நிற்பர். அதில் வியப்பில்லை. கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலைப் பாறை செங்குத்தாகக் கடலுள் இறங்குகின்றது. உவர்மலை மேட்டில் நின்று பார்த்தாலோ, குன்றும் குடாவுமாக உட்டுறைமுகம் விரிந்து கிடக்கின்றது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் இது ஒன்று எனப் பள்ளிப் புத்தகத்தில் நாம் உருப்போட்டது வெறும் புகழ்ச்சியன்று என்பது அப்போது விளங்கும். இத்துறையை விரும்பியே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957-இலேதான் ஆங்கிலக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தனை பேரும் கடல்வழி வந்தவர்கள், கடலையே பார்த்தவர்கள்.

துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் காட்சி வேறு. பாலையும் வீரையும் ஓங்கிய பற்றைக்காடு, இடையிடையே கற்பாறைக் குன்று, கோடையில் வெடித்துக் கிடக்கும் குளத்துச் சேறு, அவற்றினூடே கிறவலும் மணலுமாய் ஒற்றையடிப் பாதைகள். விறகு வெட்டுவோரும் மாடு மேய்ப்போரும் போட்ட பாதைகள் அவை. சென்ற சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அப்பாதைகளிலே ஓட்டமும் சைக்கிளும் கலந்த ஒரு பந்தயத்தில் நாம் கலந்துகொண்டோம்.

புத்தாண்டு விளையாட்டு விழா எமது ஊர்களுக்குப் புதிதன்று. மரதன் ஓட்டம், சைக்கிளோட்டம், கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் ஏறுதல் என நிரல் நீளும். ஆனால் அங்கே ஓட்டமும் சைக்கிளும் தார்வீதியில் நடப்பவை. இம்முறை உப்புவெளிக்கு வடக்கேயுள்ள விளையாட்டுக் கழகம் ஒன்றின் இளைஞர் புதுமை செய்யக் கருதினர். இருவருக்கு ஒரு சைக்கிள். கடற்கரையிற் புறப்பட்டுக் காட்டுவழியே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வரை ஏறத்தாழ 14 கிலோமீற்றர். ஒருவர் சைக்கிளில் முந்திச் சென்று, ஓரிடத்தில் அதை நிறுத்திவிட்டு ஓடவேண்டும். பின்னால் ஓடிவருபவர் அதை எடுத்து மிதித்து, முன்னவரைக் கடந்து சென்று, அவருக்காக மீண்டும் விட்டுச் செல்லவேண்டும். குறைந்தது நான்கு முறை கைமாறுதல் விதி. இருவரும் வந்து சேர்ந்தாற்றான் கணக்கு முடியும்.

இது இளைஞரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நாம் எண்ணியிருந்தோம். விசாரித்தபோது பழங்கதையே தெரியவந்தது. ஒரு குதிரையை இருவர் மாறிமாறிப் பயன்படுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அகராதி செய்த ஜோன்சனும் நடிகர் காரிக்கும் 1737-இல் இலண்டன் மாநகருக்கு இவ்வாறே பிரயாணம் செய்ததாகக் காரிக் பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்தாராம். சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். கலிபோர்னியாவில் 1971 முதல் குதிரையோடு இதைப் பந்தயமாகவே நடத்துகின்றனர். காட்டுச் சைக்கிளோட்டமும் அந்நாட்டு விளையாட்டே. மரின் மாவட்டத்து இளைஞர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, 1976 ஒக்டோபரில் மண்பாதையிலே கீழ்நோக்கிப் பந்தயம் விட்டனர். பின்சில்லின் பிறேக் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகைந்துபோக, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிறீஸ் அடைக்க நேர்ந்தது. மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அப்பந்தயத்துக்கே ‘ரீபாக்’ என்று பெயராயிற்று. இருபது ஆண்டுகளில், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக் விழாவிலேயே மலைச் சைக்கிளோட்டம் இடம்பெற்றுவிட்டது. எம்மூரில் பின்கரியரில் மீன்பெட்டி கட்டிக் கல்லிலும் மணலிலும் மிதித்துக் கிராமம் கிராமமாய்ச் செல்லும் மீன் வியாபாரிகளை ஒலிம்பிக் குழுவினர் கண்டதில்லை போலும்.

இருவருக்கு ஒரு சைக்கிளால் என்ன இலாபம்? மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடுபவர் 14 கிலோமீற்றரைக் கடக்க 84 நிமிடம் செல்லும். பாதித் தூரத்தை ஓடி, பாதியை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் 63 நிமிடம் போதும். ஒரே சைக்கிளால் இருவருக்கும் இருபத்தொரு நிமிடம் மிச்சம்! ஆனால் இது தாளிலே போடும் கணக்கு. மணலிலே சைக்கிள் ஓடாது, தோளில் ஏறிக்கொள்ளும். ஆகையால் எங்கே விடுவது, களைத்தவர் யார், அடுத்த மேட்டை எவர் மிதிப்பது என்பவற்றை முன்செல்பவர், பின்வருபவரைக் காணாமலே தீர்மானிக்கவேண்டும்.

எமது கூட்டாளி எம் மைத்துனர். மூதூர்க் கிழக்கிலே சம்பூர் அவரது ஊர். 2006-ஆம் ஆண்டுப் போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சாக்குமூட்டை ஒன்றைக் கரியரிற் கட்டி அவர் உருட்டிக்கொண்டு வந்த லுமாலா சைக்கிள்தான் இன்றும் அவரிடம் உள்ளது. காணிகள் 2015-இலும் 2016-இலும் விடுவிக்கப்பட்டபின் அதே சைக்கிளில் ஊர் திரும்பினார். முகாமில் இருந்த காலத்தில் இரவிலே அதைக் காலோடு சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு உறங்குவாராம். பந்தய விதியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“மச்சான், பூட்டாமல் காட்டுக்குள்ளை விட்டுட்டு எப்பிடி ஓடுறது?”

“பின்னாலை நான்தானே வாறன்?”

“நீ வருவாய். வேற ஆக்களும் வருவினம்தானே.”

இதற்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. ஆனாலும் புலர்காலை ஆறு மணிக்கு அவர் வந்து நின்றார். கியர் பூட்டிய புதுச் சைக்கிள்களோடு வந்த பட்டணத்து வாலிபர் எமது லுமாலாவின் கரியரைப் பார்த்துச் சிரித்தனர். சுண்ணாம்புக் கோடு இட்ட பாதையை விட்டு ஓரடியும் விலகவேண்டாமென்று ஏற்பாட்டாளர் இருமுறை எச்சரித்தார். யானை நடமாட்டம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தை வடக்குக் கிழக்கில் வாழ்ந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்புப் பலகைகளைக் கண்டு வளர்ந்த தலைமுறை, பாதையோரத்துப் புல்லில் இன்றும் கால் வைக்கத் தயங்குகின்றது.

முதலில் மணல். மைத்துனர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட, நாம் வெறுங்கையோடு ஓடினோம். கிறவல் தொடங்கியதும் அவர் ஏறி மறைந்தார். இரண்டு கிலோமீற்றர் ஓடி ஒரு வளைவில் திரும்பியபோது, சைக்கிளும் நின்றது; பக்கத்திலே மைத்துனரும் நின்றார்! எம்மைக் கண்டபின்னரே கையை எடுத்தார். அதற்குள் ஆறு சோடிகள் எம்மைக் கடந்துவிட்டன. பாடசாலைச் சிறுமியர் இருவர், ஒருத்தி மிதிக்க ஒருத்தி ஓட, பேச்சை நிறுத்தாமலே சென்றனர்.

அடுத்த பகுதியில் நாம் மிதித்தோம். எலும்பெல்லாம் குலுங்கின. காரைமுள் இரு மருங்கும் கையைக் கீறியது. குளக்கட்டில் ஏறும்போது இறங்கித் தள்ள நேர்ந்தது. கட்டின் அப்பாலிருந்து குளத்துக் காற்று வந்து முகத்தைத் தடவியபோது பந்தயமே மறந்துபோயிற்று. வற்றிய குளத்தின் நடுவே எஞ்சிய நீரில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. சைக்கிளை ஒரு மருதமரத்தில் சாய்த்துவிட்டு ஓடினோம்.

இரண்டாம் முறை மைத்துனர் எம்மைக் கடந்து சென்றபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பாதையோரத்தில் பழைய காவலரண் ஒன்றின் மண்மேடு, பற்றை மூடிக் கிடந்தது. அதை அணுகியதும் அவர் சைக்கிளினின்றும் இறங்கினார், பத்தடி உருட்டினார், மேடு கடந்தபின் ஏறி மிதித்தார். போர்க்காலத்தில் காவலரணைக் கடப்போர் இறங்கி உருட்டிச் செல்லவேண்டும் என்பது கட்டளை. ஆளில்லாத மேட்டுக்கு அவர் கால்கள் அந்த மரியாதையைச் செய்தன. பின்னால் ஓடிய எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்பால் ஒரு மைல் தூரம் நாம் தனியே ஓடினோம். வெயில் ஏறிவிட்டது, நா வறண்டது. ஒவ்வொரு வளைவிலும் சைக்கிளோடு அவர் காத்து நிற்பார் என்றே எதிர்பார்த்தோம். ஒரு பாலைமரத்தடியில் லுமாலா சாய்ந்திருந்தது. அருகிலே ஒருவரும் இல்லை. சங்கிலிப்பூட்டுக் கரியரிலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. திறப்பு அதிலேயே தொங்கியது. எட்டிய தூரம் வரை பார்த்தோம். செம்மண் பாதையில் அவருடைய பாதச் சுவடுகள் மட்டும் நேராகச் சென்றன.

அதன்பின் கைமாறுதல் இரண்டும் தடையின்றி நடந்தன. கன்னியாவை நாம் இருவரும் அடைந்தபோது, இருபத்து மூன்று சோடிகளுள் எமக்குப் பதினேழாம் இடம். முதலிடம் கடற்கரைக் கிராமத்து அண்ணன் தம்பியருக்கு. கியர் இல்லாத சைக்கிள்தான் அவர்களதும். சிறுமியர் எமக்கு நெடுநேரம் முன்னதாகவே வந்து, கிணற்றங்கரையில் ஈரத்தலையோடு இருந்தனர்.

கன்னியாக் கிணறுகள் ஏழு. ஏழுக்கும் சூடு வேறுவேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் நிலத்தைக் குத்தி நீர் வரவழைத்தான் என்பது ஐதிகம். அந்தியேட்டிக் கிரியை செய்ய இன்றும் குடும்பங்கள் வருகின்றன. அன்றும் ஒரு குடும்பம் வந்திருந்தது. ஆதலின் நாமெல்லாம் ஆரவாரத்தை அடக்கிக்கொண்டு, ஒரு பக்கமாய் ஒதுங்கி, வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டோம். ஓடிக் களைத்த காலுக்கு வெந்நீர் எத்துணைச் சுகம்!

இப்பாதைகளைக் காண விழைவோர் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வரலாம். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று உலையாய் வீசும் என்பதையும் நினைவிற் கொள்க. ஐப்பசி முதல் மழையில் பாதை சேறாகிவிடும். ஊரவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, வெயிலேறுமுன் திரும்புதல் நன்று. முள் குத்திய ரியூபுக்கு ஒட்டுப்போடும் சாமானும் அவசியம். மறுநாட் காலை எம் வீட்டு முற்றத்தில் மைத்துனர் லுமாலாவைக் கவிழ்த்து வைத்து, ரியூபை வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி எண்ணினார். முன்சில்லில் மூன்று, பின்சில்லில் ஐந்து. அடுத்த ஆண்டுக்குக் கரியரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டோம். அது மட்டும் முடியாது என்றார்.