சேகருக்கு அக்கா எழுதுவது

சைதாப்பேட்டை
12.7.2020, ஞாயிறு

அன்புத் தம்பி சேகருக்கு,

அம்மா கபசுரக் குடிநீரைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள், மற்றபடி குறையில்லை. இந்த மாசம் ஞாயிறு தோறும் தளர்வில்லாத ஊரடங்கு. பஜார் ரோடில் ஈ காக்கை இல்லை. இந்தக் கடிதத்தை உன் மருமகன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய். எழுதினால் முழுசாகப் படித்துத்தானே ஆகணும்?

கீழ் போர்ஷன்காரரைக் காலி பண்ணச் சொல்லு, மசியாவிட்டால் தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்று மெசேஜ் போட்டிருக்கிறாயே, ஏண்டா, நீயா எழுதினாய்? ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் நிற்கிறவர் அவர். மார்ச் கடைசியில் கடை மூடியது. ஏப்ரலுக்குப் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. ஜூன் 19-இல் மறுபடி முழு அடைப்பு வந்தது. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயில் வாடகையா கொடுப்பார்? அந்தம்மா முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறாள். நானும் வாங்குகிறேன், உப்பு கொஞ்சம் தூக்கல்.

நீ கேட்பாய், அரசாங்கமே வாடகை கேட்கலாம் என்று சொல்லிவிட்டதே என்று. நானும் விசாரித்தேன். மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளிகளிடம் ஒரு மாசம் வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளியையோ படிக்கிற பிள்ளையையோ வீட்டைவிட்டுத் துரத்தினால் நடவடிக்கை என்றது. கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும்தான் பொறுப்பு. மே 18-லிருந்து அந்த உத்தரவு இல்லை என்று ஆகிவிட்டது. கொரோனாவோ அதற்கப்புறம்தான் சென்னையைப் பிடித்து ஆட்டியது! அந்த ஒரு மாசத்திலும் 'கேட்காதே' என்றார்களே தவிர, அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று சொல்லவில்லை. அதனால் பாக்கி ஏறிக்கொண்டே போனது. வீட்டு வாடகையை நம்பி மருந்து வாங்குகிற கிழவிகளும் நம் தெருவில் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நீ அந்தக் கிழவி இல்லை.

போன மாசம் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நீ வாடகைக்குக் குடியிருக்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை மார்ச்சிலேயே சட்டம் போட்டுவிட்டது, கொரோனாவால் வாடகை கட்ட முடியாதவரை வெளியேற்ற முடியாது, நெருக்கடி முடிந்து 12 மாசத்துக்குள் பாக்கியைக் கட்டினால் போதும், வேலை போனாலும் பயமில்லை அக்கா என்றாய். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதி கீழ் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேண்டாமா?

மோட்டார் விஷயம் தனியாகச் சொல்லுகிறேன். 2019 பிப்ரவரி 22-லிருந்து நம் ஊரில் புது வாடகைச் சட்டம் இருக்கிறது. தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. இரண்டு மாச பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம் என்றும் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யணும் என்கிறதும் அதே சட்டம்தான். நீ எங்கே போட்டாய்? "நம்ம மனுஷன்தானே அக்கா" என்று வாய்வார்த்தையில் விட்டாய். எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவாய்?

இன்னொன்று. அட்வான்ஸாகப் பத்து மாச வாடகை, தொண்ணூறாயிரம், உன் கையில் இருக்கிறது. சட்டம் மூன்று மாசத்தைத்தான் அளவாகச் சொல்கிறது. பாக்கி நாலு மாசம், முப்பத்தாறாயிரம். கணக்குப் பார்த்தால் யார் பணம் யாரிடம் இருக்கிறது? பணத்தை விடு. எதிர்வீட்டில் குடியிருந்த நர்ஸ் பெண்ணைக் கொரோனா வார்டு டியூட்டி என்றதும் காலி பண்ணச் சொன்னபோது, "மனுஷங்களா இவங்க" என்று கத்தினவன் நீ. ஏப்ரல் 22-இல் சுகாதாரப் பணியாளர்களைத் தொந்தரவு செய்தால் ஜெயில் என்று அவசரச் சட்டமே வந்தது. ஜவுளிக்கடையில் நிற்கிறவருக்கு அப்படி ஒன்றும் வராது.

தெருவெல்லாம் டு-லெட் போர்டு தொங்குகிறது. ஜூனில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு சட்டி பானையோடு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. இவரை அனுப்பினால் புதிதாக யார் வருவார்கள்? வீடு பூட்டிக் கிடந்தால் கரையான்தான் குடிவரும்.

நான் சொல்கிறபடி செய். இந்த நாலு மாச பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள். கடை திறந்து அவர் சம்பளம் வாங்கின பிறகு, குறைந்த அட்வான்ஸை மாசம் ஆயிரம் இரண்டாயிரமாகச் சேர்க்கச் சொல். ஊரடங்கு ஓய்ந்ததும் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணலாம், அலைச்சல் என் பொறுப்பு.

நான் போய்ச் சொன்னால் அவர் நம்பமாட்டார், வீடு உன் பேரில் இருக்கிறது. புதன்கிழமை எட்டரைக்கு நீயே போன் பண்ணி அவரிடம் பேசு.

அன்புடன்,
அக்கா