இரு காதில் இரு பாட்டு

(இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்த பாட்டை அதே தாளத்தில் இணைத்து, ஆடுவோர் கால் ஓயாமல் பார்த்துக்கொள்வது ‘டிஜே’ கலை. ஓராண்டாக இதுவே என் பொழுதுபோக்கு.

இக்கலையின் வரலாற்றில் 1973 ஆகஸ்டு 11 மறக்கவொண்ணாத நாள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். குரல் ஓய்ந்து தாளக் கருவிகள் மட்டும் முழங்கும்போதே மக்கள் துள்ளி ஆடுவதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அச்சிறு பகுதியை நீட்டும் முறையைக் கண்டார். ஹிப்ஹாப் இசைக்கு அது வித்தாயிற்று.

என்னிடம் இசைத்தட்டு ஏது? அக்கா பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினி, ‘மிக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள், ஒரு ஹெட்போன். இவையே என் முதலீடு. திருமணங்களுக்கு மைக்செட் போட்டுப் பழகியவர் என் அப்பா. அவரே கேட்டார்: “யாரோ பாடினதைப் போடுறதுக்குப் பயிற்சி எதுக்குடா?”

கேள்வி சுருக்கென்று தைத்தது, பயிற்சியை விடவில்லை. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 126 தட்டு, மற்றது 120 என்றால், பின்னதன் வேகத்தை 5 விழுக்காடு கூட்ட வேண்டும். வேகம் ஒத்தாலும் போதாது. நான்கு தட்டுகளில் முதல் தட்டு, முதல் தட்டோடு விழ வேண்டும். பொத்தானை அழுத்தினால் கணினியே இணைத்துவிடும் என்பார்கள். ஆனால், பழைய திரைப்பாடல்களைக் கலைஞர்கள் கூடியிருந்து வாசித்தார்கள்; வேகம் மூச்சைப்போல் ஏறி இறங்கும். அங்கே கணினி திகைக்கும், காதுதான் துணை.

ஓரிரவு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இளையராஜா பாடல்கள் இரண்டை இணைத்துக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: “தபலா முந்துதுடா, இழுத்துப் பிடி!” இழுத்துப் பிடித்தேன்; இரண்டும் ஒன்றாயின. அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்து எந்தப் பாட்டு என்பதே இப்போது எங்கள் இருவருக்கும் வழக்கு.

நண்பர்களே, தொடங்க விரும்பினால் விலையுயர்ந்த கருவி தேடாதீர்கள். நன்கு தெரிந்த இரண்டே பாடல்களை எடுத்து, விரலால் தட்டி எண்ணுங்கள். சிறுவயது முதல் கேட்ட பாட்டில், அதுவரை கேளாத கிதாரும் தபலாவும் கேட்கத் தொடங்கும். பிறர் இசையைப் போடுகிறவனுக்கு உரிய திறமை, பிறரைவிடக் கூர்ந்து கேட்பதே.