ராணி அறையை அறுக்கலாமா?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே போனால், ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில் அமிர்தி வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது அருவியும் வனத்துறையின் உயிரியல் பூங்காவும் உள்ள இடம். தேனீக்கு அது புங்கமும் வேம்பும் புளியும் அடுத்தடுத்துப் பூக்கும் காடு. (ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் பட்டை தந்த ஆவாரையும் இங்கே உண்டு. ஆனால் அந்தப் பூவில் மகரந்தம் மட்டும்தான், தேன் கிடையாது.) மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பொந்துகளிலிருந்து பிடித்து வந்து பெட்டியில் குடிவைப்பது இந்தியத் தேனீயைத்தான். பெட்டி திறப்பவரின் கைப்பழக்கத்தில் நான் முதலில் கவனித்தது நிதானம். சட்டத்தைப் படுக்கவைக்காமல் செங்குத்தாகவே திருப்புகிறார், இல்லாவிட்டால் இளம் அடை ஒடிந்து விழும். முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி நின்று, அறைகளின் அடியில் முட்டை தெரிகிறதா என்று பார்க்கிறார். இவ்வளவு பொறுமையும் அடையின் ஓரத்தில் புது ராணி வளரும் ராணி அறை ஒன்று நிலக்கடலை அளவில் தொங்குவதைக் கண்டதும் போய்விடுகிறது. “அறை கட்டிட்டா பிரிஞ்சுடும்” என்பதுதான் பரவலான நம்பிக்கை, கத்தி உடனே அறையின் மேல் போகிறது. அந்தக் கத்தி பெரும்பாலும் அவசரப்படுகிறது என்பதே என் வாதம்.

ஒரு தேனீக் குடும்பம் புது ராணியை வளர்க்க மூன்று காரணங்கள் உண்டு. இடம் போதாமல் இரண்டாகப் பிரியப் போகிறது, ராணிக்கு வயதாகிவிட்டதால் மாற்றப் போகிறது, அல்லது ராணி திடீரென இறந்துவிட்டது. முதல் இரண்டுக்கும் கட்டப்படும் அறை கிட்டத்தட்ட ஒரே உருவம்தான். 1950களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பட்லர் என்ற ஆய்வாளர், ராணியின் உடலிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் தேனீக்களின் வாய் வழியாகக் குடும்பம் முழுக்கப் பரவுவதையும், அது குறைந்தால் பணித்தேனீக்கள் புது ராணியை வளர்க்கத் தொடங்குவதையும் காட்டினார். கூட்டம் நெருக்கியடித்தால் அந்தப் பொருள் எல்லாருக்கும் எட்டாது. ராணி கிழடானால் சுரப்பே குறையும். குறைவு எதனால் வந்தாலும் பணித்தேனீக்கு எட்டும் சேதி ஒன்றுதான். பிரிவதில் வேறு தூண்டுதல்களும் சேர்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன, ஆனாலும் தேனீக்களையே ஒரே செயலுக்குத் தள்ளும் இரு காரணங்களை அறையின் தோற்றத்தை மட்டும் வைத்து நாம் பிரித்தறிய முடியாது.

அறை தொங்கும் இடம் சொல்லிவிடும் என்பது புத்தக விதி: அடையின் கீழ் விளிம்பில் இருந்தால் பிரிவு, நடுவில் இருந்தால் ராணி மாற்றம். இது பெரிய சட்டங்களில் வளரும் ஐரோப்பியத் தேனீயைப் பார்த்து எழுந்த விதி. நம்மூர்ப் பெட்டி, திருச்சியில் அருட்தந்தை நியூட்டன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தேனீக்கென்று வடிவமைத்தது, அதன் புழு வளர்ப்பு அடுக்கில் ஏழு சிறிய சட்டங்கள்தான். ராணி அறை தலைகீழாகத் தொங்க ஒரு விளிம்பு வேண்டும். சிறிய அடையில் பெரும்பாலும் கீழ் ஓரமே அந்த விளிம்பு, அடையின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் பிரியப்போகும் குடும்பமும் அங்கேயே கட்டும். ஆகவே இடத்தை நான் சாட்சியாக எடுப்பதில்லை, துணைச் சாட்சியாக வேண்டுமானால் எடுக்கலாம். எண்ணிக்கை அதைவிடப் பரவாயில்லை. பிரிவென்றால் வெவ்வேறு வயதில் பல அறைகள் இருக்கும், மாற்றமென்றால் ஏறக்குறைய ஒரே வயதில் ஒன்றிரண்டு. சிறிய குடும்பம் பிரியும்போதும் சில அறைகளே கட்டும் என்பதால் அதுவும் முடிவான சான்றல்ல.

முடிவான சான்று ராணி அறையில் இல்லை, சுற்றியிருக்கும் சாதாரண அறைகளில் இருக்கிறது. பணித்தேனீ முட்டையிலிருந்து வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். எனவே எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும், ராணி கடந்த மூன்று வாரம் எப்படி முட்டையிட்டது என்ற கணக்கு அடையில் அப்படியே கிடக்கிறது. மூடிய புழு அறைகள் இடைவெளியின்றிப் பலகை போல் பரந்து, சட்டங்கள் எல்லாம் நிறைந்து, மேலே தேனும் சேர்ந்து, ஓரங்களில் நடுவே ஊசித்துளை விட்ட ஆண் அறை மூடிகளும் தெரிந்தால் ராணி தெம்பாக இருக்கிறது. அங்கே ராணி அறை வந்தால் அது பிரிவு. மூடிய அறைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறி, பணித்தேனீயின் சிறிய அறைகளிலேயே ஆண் புழுக்கள் புடைத்துக்கொண்டிருந்தால், ராணியிடம் சேமித்த விந்து தீர்ந்துகொண்டிருக்கிறது, அது மாற்றம். முட்டையே இல்லாமல், பணித்தேனீப் புழுவின் அறையை நீட்டி அவசரமாக ராணி அறையாக்கியிருந்தால் ராணி போய்விட்டது. அது போய் எத்தனை நாள் என்பதையும் சொல்லலாம். முட்டை மூன்று நாளில் பொரிக்கும், முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிமிர்ந்த முட்டை ஒன்று கண்ணில் பட்டால், ராணியைத் தேடி ஏழு சட்டத்தையும் கலைக்க வேண்டியதில்லை.

சிதறிய புழு அறைகளுக்கு நோயும் காரணமாகலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது, மார்த்தாண்டத்துத் தேன் தொழில் அதில் நிலைகுலைந்தது. நோயுற்ற புழுக்களைப் பணித்தேனீக்கள் இழுத்துப் போடுவதால் அடை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஆனால் அந்த நோயில் செத்த புழு தலையைத் தூக்கியபடி மல்லாந்து கிடக்கும், குச்சியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வரும். வயதான ராணியின் அடையில் வெறும் அறைகள் இருக்கும், செத்த புழுக்கள் இருக்காது. ஓர் அறையைத் திறந்து பார்க்கும் சிரமம்தான் இதற்கு.

தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிவை மாற்றம் என்று நினைத்து விட்டுவைத்தால், கிழ ராணியோடு பாதிக் கூட்டம் போகும், அந்தப் பருவத்துத் தேன் குறையும், மீதிக் குடும்பம் புது ராணியோடு தேறும். மாற்றத்தைப் பிரிவு என்று நினைத்து அறையை அறுத்தால், கிழ ராணியும் போய் மகளும் இல்லாமல், பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும் நிலை வரும். இந்தியத் தேனீயில் அது சீக்கிரமே வரும், அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீ மட்டுமே பிறக்கும், குடும்பம் முடிந்துபோகும். காடு பக்கத்தில் இருக்கும் ஊரில் பிரிந்த கூட்டம் முழு நட்டமும் அல்ல; மரக்கிளையில் திரண்டு தொங்கும்போது பிடித்து இன்னொரு பெட்டியில் வைக்கலாம்.

ஆராய்ந்துகொண்டிருந்தால் கூட்டம் பறந்துவிடாதா என்பது வலுவான ஆட்சேபம். ராணி முட்டையிலிருந்து வெளிவர 15 அல்லது 16 நாள். முதல் அறை மூடப்படும் எட்டாம், ஒன்பதாம் நாளையொட்டித்தான் வழக்கமாகக் கிழ ராணி கிளம்பும். அதனால் மூடாத அறையைக் கண்டவருக்குச் சில நாள் கையில் இருக்கிறது, மூடிய அறையைக் கண்டவருக்கு ஏறக்குறைய இல்லை. அப்போதும் அறுப்பதைவிட நல்ல வழி, கிழ ராணியை இரண்டு சட்டங்களோடு வேறு பெட்டிக்கு மாற்றி அறைகளைப் பழைய பெட்டியிலேயே விடுவது. பிரிவாயிருந்தால் பிரிவு நம் கையால் நடந்துவிடுகிறது. மாற்றமாயிருந்தால், கிழ ராணியின் சிறு பெட்டி தேயும். புது ராணி முட்டையிடத் தொடங்கியதும் கிழ ராணியை நீக்கிவிட்டு, செய்தித்தாளை இடையில் வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். இந்த வழிக்கு ஒரு காலிப் பெட்டி கையிருப்பில் வேண்டும், ஒன்றிரண்டு பெட்டியோடு தொழில் செய்கிறவரிடம் அது இருப்பதில்லை. அறுக்கும் பழக்கம் நீடிப்பதற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. தேனீ வளர்ப்புக்கு மானியம் தருகிற திட்டங்கள் குடும்பத்தோடு கூடிய பெட்டிகளை எண்ணும்போது, காலிப் பெட்டி ஒன்றையும் சேர்த்து எண்ணலாம்.