பர்போர்ட்டட் ஃப்ரெண்ட்!

'இங்கிலீஷ் லெட்டரா? அவன்கிட்ட கொடு'ன்னு உங்க கேங்ல ஒருத்தன் இருப்பானே... எங்க செட்ல அது நான்தான். நான் மட்டும்தான் இங்கிலீஷ் மீடியம். அந்த ஒரே தகுதி!

ஃபைனல் இயர்ல ரூம்மேட்டுக்கு மஞ்சள்காமாலை. ஊர்ல ஒரு மாசம் பத்தியச் சாப்பாடு. திரும்பி வந்தா அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ். எழுதிக் கொடுத்தாத்தான் ஹால் டிக்கெட். லெட்டர் என் தலையில்.

சிம்பிளா எழுதினா கெத்து இல்லையே! 'க்ளெய்ம்' மேல ரைட் க்ளிக் பண்ணி, லிஸ்ட்ல இருந்து 'பர்போர்ட்'டைப் பொறுக்கினேன். 'ஹி பர்போர்ட்ஸ் டு ஹேவ் ஹேட் ஜாண்டிஸ்.' கீழே, 'பர்போர்ட்டட் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்' இணைப்பு. ஐகோர்ட் வக்கீல் எழுதின மாதிரியே இருந்தது.

ஹெச்.ஓ.டி. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, இவனுக்கு காமாலை வந்ததுல உனக்கே டவுட்டா?"

விஷயம் இதுதான் பாஸ். 'அவனுக்குக் காமாலை' என்பதற்கும் 'காமாலையாம்' என்பதற்கும் எவ்வளவு தூரம்? அந்த 'ஆம்'தான் பர்போர்ட். மேல்பார்வைக்கு அப்படித் தெரியுது, நிஜமான்னு நான் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். லத்தீனில் சுமப்பதைக் குறிக்கும் 'போர்த்தாரே'தான் வேர். ரயில்வே போர்ட்டரும் எக்ஸ்போர்ட்டும் இதே குடும்பம்தான். ஒரு காகிதம் தன் முகத்தில் சுமந்து வருகிற அர்த்தம்தான் பர்போர்ட். அதனால இது ஆளைவிட காகிதத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். உங்க பேங்க் அனுப்பின மாதிரி வந்து ஓ.டி.பி. கேட்கிற மெயில் இருக்கே, அதுக்கு பர்ஃபெக்ட்!

சட்டத்தில் இதுக்கு மரியாதையான இடமும் உண்டு. 1908-ம் வருட சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 80. ஓர் அதிகாரி அரசுப் பணி என்ற பெயரில் செய்த காரியத்துக்காக அவர் மேல் கேஸ் போடுவதென்றால், பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் தரணும். 'என்ற பெயரில்' என்கிற இடத்தில் 'பர்போர்ட்டிங்'தான் நிற்கிறது. அதிகாரம் நிஜமாவே இருந்ததா என்பதை அப்புறம் பார்த்துக்கலாம்னு அர்த்தம்.

எங்க ஹெச்.ஓ.டி.யும் அப்புறம் பார்த்தார். சர்ட்டிஃபிகேட் வெரிஃபை பண்ணணும்னுட்டார். கண்ணில் மஞ்சள் முழுசாப் போகாதவன், டாக்டர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்க பஸ் ஏறி ஊருக்குப் போனான். எக்ஸாமுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஹால் டிக்கெட் வந்தது. அதுவரைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

இன்னிக்கும் அவன் மொபைல்ல என் நம்பர் எந்தப் பேர்ல இருக்குன்னு, மேலே தலைப்பைப் பாருங்க.