மலையில் ஒரு வீடு

மனிதனுக்கு மண்ணாசை இருக்கலாமா என்று கேட்டால், இருக்கத்தான் வேண்டும் என்பேன். பால்மரக் காட்டிலும் தேயிலை மலையிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு சாண் நிலத்தைத் தமதென்று சொல்ல இயலாதவர்களின் வழிவந்தவன் நான்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணிக்கொடையை என் செய்வதென்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் மகன் ஒரு வழி சொன்னான். கேமரன் மலையில் அடுக்குமாடி வீடொன்று விலைக்கு வருகிறதாம். “ஆண்டுக்கு இரண்டு வாரம் நாம் தங்கலாம், அப்பா. மற்ற நாள்களில் வாடகைக்கு விட்டால் கடன் தானே அடைந்துவிடும்” என்றான். அத்தோடு நிறுத்தியிருந்தால் மறுத்திருப்பேன். “பாட்டி பிறந்த மலையில் நமக்கென்று ஒரு வீடு வேண்டாமா?” என்றும் கேட்டான். அக்கேள்வி என்னை அசைத்துவிட்டது.

1885-இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த மலை அது. 1929-இல் அங்கே பெரிய தேயிலைத் தோட்டம் உருவானது. காடழித்துச் செடி நட்டுக் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. அங்கிருந்த ஒரு லயத்தில்தான் என் தாயார் பிறந்தார். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். தம் தந்தை இறந்தபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. மாதம் முடியுமுன்பே குடும்பம் மலையிறங்கி, இன்று ஸ்ரீ கெம்பாங்கான் எனப்படும் செர்டாங் பாருவை அடுத்த ரப்பர்த் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தது.

அங்கும் அச்சம் தொடர்ந்தது. தோட்டத் துண்டாடல் தொழிலாளரைத் தெருவில் நிறுத்திய காலம் அது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரையே தோட்டத்தின் உடைமையாளராக்க முனைந்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தினர். என் தந்தையாரும் செலுத்தினார். அந்தப் பங்குச் சீட்டை அவர் துணிப்பெட்டியின் அடியில் வைத்துக் காத்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, ஒரு ஞாயிறன்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு தாப்பா வழியாக மலையேறினோம். வீடு நான்காம் மாடியில் இருந்தது. பலகணிக்கு வெளியே மூடுபனி. விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? 99 ஆண்டுக் குத்தகை என்றார்; அதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? வீடு பூட்டிக் கிடந்தாலும் அக்கட்டணத்தையும் சேமநிதியையும் மாதந்தோறும் கட்டியாக வேண்டும் என்பது விளங்கியது. வாடகைக்கு ஆள் வராத மாதங்களில் கடனை யார் கட்டுவது? அவர் புன்னகை செய்தார், விடை சொல்லவில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊர்களில் செல்வர் பலர் விடுமுறை வீடுகளை வாங்கிப் பூட்டிவைத்தனர். ஆண்டின் பெரும்பகுதி இருண்டு கிடந்த அவ்வீடுகளால் உள்ளூராருக்கு வீட்டு விலை எட்டாததாயிற்று. 2012-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, ஓர் ஊரின் குடியிருப்புகளில் இத்தகைய வீடுகள் நூற்றுக்கு 20-ஐத் தாண்டலாகாது என வரையறுத்தனர்.

நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சன்னலருகே நின்று தேயிலைச் சரிவையே நோக்கியிருந்தார். பிறகு, “இதுல யாருய்யா குடியிருக்கப் போறா?” என்று கேட்டார்.

“விடுமுறைக்கு வருவோம், பாட்டி” என்றான் என் மகன்.

“அப்போ மத்த நாள்ல வெளக்கு யாரு ஏத்துவா?”

அவன் பதில் பேசவில்லை. என்னிடமும் பதில் இல்லை. குடியிருந்த வீட்டை இழந்தவருக்கு, குடியிருக்க ஆளில்லாத வீடு விளங்காத பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. பணிக்கொடையின் பெரும்பகுதி, வாடகை வீட்டிலிருந்த என் மகள் பூச்சோங்கில் வாங்கிய சிறு வீட்டிற்கு முன்பணமாயிற்று. மகனுக்குச் சிறிது காலம் வருத்தம். அவன் விரும்பியதும் தவறன்று. பாட்டியை இறக்கிவிட்ட மலையில் உரிமையோடு கால்வைக்க விரும்பினான். அந்த உணர்வு அவனிடம் இருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

பூச்சோங் வீட்டில் முதல் விளக்கை அம்மாதான் ஏற்றினார். அன்று முதல் மாலைதோறும் அங்கே விளக்கு எரிகிறது.