பதினெட்டும் ஒன்பதும் எவ்வளவு?

குரும்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, தாமிரபரணியைத் தாண்டினால் ஏரல். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், நடுவில் பஜார். சேர்மனாக இருந்தவரையே சாமியாகக் கும்பிடுகிற ஊர் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. 1908 ஆடி அமாவாசையன்று சமாதியான சேர்மன் அருணாசல சுவாமிக்கு இன்றைக்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஊர் கொள்ளாத கூட்டம். (இப்போதைய சேர்மன்கள் யாரும் அவசரப்பட்டு ஆசைப்பட வேண்டாம்!)

நானும் ஆடி அமாவாசைக்குத்தான் போயிருந்தேன். ஆனால் இந்தக் கட்டுரை சாமியைப் பற்றியது அல்ல. மாமா வீட்டு பீரோவில் இருந்த ஒரு பாட்டிலைப் பற்றியது.

மாமாவுக்கு பஜாரில் மளிகைக் கடை. 2016-ல் துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான், அப்பாவுக்கென்று ஒரு ஸ்காட்ச் விஸ்கி வாங்கி வந்தான். 18 வருடச் சரக்கு. அவனுடைய பத்து நாள் சம்பளம். மாமா ஒன்றும் பெருங்குடிகாரர் இல்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி முறைத்துக்கொண்டிருக்க, அரை டம்ளர். அவ்வளவுதான். ஆனால் இந்தப் பாட்டிலைத் தொடவில்லை. “மவன் ஊரோட வந்த பொறவு திறப்போம்” என்று பட்டு வேட்டிக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மகன் இந்த வருடம் ஊரோடு வந்துவிட்டான். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். நாற்பது வயதில், இரண்டு பெட்டியும் ஒரு டி.வி.யுமாக வந்து இறங்கியவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போதுகூடத் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், மொட்டை மாடியில் பாய் விரித்தார் மாமா.

“மருமவனே, நீரு பி.காம். படிச்ச ஆளு. பதினெட்டு வருசச் சரக்கு, நம்ம வீட்டுல ஒம்பது வருசம். ஆக எத்தனை?”

“பதினெட்டுதான் மாமா.”

“என்னவே கணக்குப் படிச்சீரு?”

விளக்க வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்தில் ஓக் மரப் பீப்பாயில் இருக்கிற காலம்தான் விஸ்கிக்கு வயசு. குறைந்தது மூன்று வருடம் இருந்தால்தான் ஸ்காட்ச் என்று பெயரே போடலாம். பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்தால், அதில் இருப்பதிலேயே இளசான சரக்கின் வயசைத்தான் லேபிளில் போட வேண்டும். பாட்டிலில் அடைத்த நிமிஷத்தோடு வயசு நின்றுவிடும். பட்டு வேட்டிக்குள் ஒன்பது வருடமானாலும் சரி, தொண்ணூறு வருடமானாலும் சரி, விஸ்கி அப்படியே இருக்கும். வேட்டிதான் பழசாகும்!

மாமாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “அப்போ எதுக்குவே இம்புட்டு வெல?”

இங்கேதான் என் பி.காம். கைகொடுத்தது. பீப்பாயில் கிடக்கும்போது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பேராசிரியர் கேட்டிருந்தால் ‘நார்மல் லாஸ்’ என்று தலையில் குட்டியிருப்பார். குறைந்துகொண்டே வரும் மதிப்பில் தேய்மானம் போடுகிற முறையில் கணக்குப் பார்த்தால், 18 வருடத்தில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் தேவதைகள் வயிற்றுக்குள். அதுபோக கிட்டங்கி வாடகை, முடங்கிக் கிடக்கிற முதலுக்கு வட்டி. இந்தியாவுக்குள் முறைப்படி வந்தால் இத்தனை காலமும் 150 சதவீதம் சுங்க வரி. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி அது முதலில் 75 ஆகவும், பத்து வருடத்தில் 40 ஆகவும் இறங்க வேண்டும்.

“செலவு சரி. ருசி?” என்றார் மாமா. வியாபாரி இல்லையா!

நல்ல கேள்வி. ஏரலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். இப்போது போனால் கடலே இல்லை. அது பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். 1973-ல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இயற்கை முத்தும் வளர்த்த முத்தும் வெறும் கண்ணுக்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விலையோ மலைக்கும் மடுவுக்கும்.

நாக்குக்கு எக்ஸ்ரே கிடையாதே! 2008-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள்; பிறகு 90 டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது ருசி அதிகம் என்றார்கள் குடித்தவர்கள். பொய்யில்லை; அவர்கள் மூளையில் சந்தோஷத்துக்கான இடமே அதிகமாக வேலை செய்திருக்கிறது.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் நாக்கு. எங்கிட்ட நடக்காது” என்றார் மாமா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு பிடி சீனி கலந்திருந்தாலும் நாக்கில் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற ஆள்.

சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். மச்சான் இந்தத் தடவை வரும்போது சாதாரண ஸ்காட்ச் ஒன்றும் கொண்டு வந்திருந்தான். விலை ஐந்தில் ஒரு பங்கு. கடை சாக்பீஸால் எவர்சில்வர் டம்ளர்களின் அடியில் 1, 2 என்று எழுதி, திரும்பி நின்று ஊற்றிக் கொடுத்தேன்.

மச்சான் இரண்டையும் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மாமா முதல் டம்ளரை மோந்தார். சப்பினார். இரண்டாவதையும் சப்பினார். முதல் டம்ளரை உயர்த்தினார்.

“இதுதாம்லே மவன் வாங்கித் தந்தது. என்ன மணம்! தேன் மாதிரில்லா இறங்குது!”

டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு விலைச் சரக்கு.

என் முழியைப் பார்த்தே மச்சானுக்குப் புரிந்துவிட்டது. “விடுங்கப்பா. பத்து நாள் வெயில்ல நின்ன காசு. வெட்டிச் செலவு” என்றான். வந்த நாளிலிருந்து அவன் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான். அவன் சொன்னது பாட்டிலை மட்டுமல்ல என்று எனக்கே தெரிந்தது. பந்தயம் வைத்த என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமா கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“2023 டிசம்பர்ல வெள்ளம் வந்துதே, அன்னைக்கு ராத்திரி கடைக்குள்ள கழுத்து மட்டும் தண்ணி. வீட்டுக்குள்ளயும் ஏறிட்டு. ஒரு நடைதான் மாடிக்கு ஏற முடியும். ஒங்க அத்தை கடன் நோட்டை எடுங்கன்னு கத்துதா. எனக்கு பீரோதான் ஞாவகம் வந்துச்சு. இந்தப் பாட்டிலை எடுத்துட்டு ஏறிட்டேன். நோட்டு போச்சு. யாரு எவ்வளவு தரணும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.” ரெண்டாம் நம்பர் டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். “இதுக்கு என்ன வெலன்னு எனக்குத் தெரியும்லே. நீ சும்மா இரி.”

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தது அவன்தான்.

ஆகவே வாசகர்களே, விலை உயர்ந்த ஸ்காட்ச் அந்த விலைக்குப் பெறுமா? என் தீர்ப்பு இதுதான்: மூன்று வருடச் சரக்குக்கும் பன்னிரண்டு வருடச் சரக்குக்கும் வித்தியாசம் தெரியலாம். அதற்கு மேலே கொடுக்கிற பணமெல்லாம் நாக்குக்கு இல்லை; பெட்டிக்கு, பேருக்கு, தேவதைகளுக்கு. சொந்தக் காசில் வாங்காதீர்கள். யாராவது பாசத்தோடு வாங்கித் தந்தால் மட்டும் விலை பார்க்காதீர்கள். குடிக்காமலே இருந்தால் இரண்டு செலவும் மிச்சம்.

மாடியைக் கூட்ட வந்த அத்தை, காலிப் பாட்டிலைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

“நல்ல கனமால்லா இருக்கு! நல்லெண்ணெய் ஊத்தி வைக்கலாம். ஏன்யா, இதுக்கா இம்புட்டு வெல? அப்ப பரவாயில்ல!”