பதினான்கு வயதின் குரல்

பதின்ம வயதினருக்காக ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 80 பக்கங்கள் எழுதி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாட்கள் கழித்துத் திருப்பித் தந்தவள், "மாமா, இந்தப் பையன் உங்கள மாதிரியே பேசறான்" என்றாள். அது பாராட்டல்ல என்று புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

அந்த வருத்தத்தோடுதான் எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை மீண்டும் வாசித்தேன். 1967-இல் வெளியான அதனை, அமெரிக்காவின் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோதே ஹின்டன் எழுதினார். கதை சொல்லும் போனிபாய்க்கு வயது 14. பெற்றோரை விபத்தில் இழந்து, இரு அண்ணன்களோடு வாழ்பவன். ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடக்கும் மோதலில் ஒரு கொலை நிகழ்கிறது. அதன் அச்சமும் துயரமும் அவன் கண் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அறிவுரை என்று சொல்லத்தக்க ஒன்று இறுதியில் வரும்போதும், இறந்துபோன நண்பன் எழுதிவைத்த கடிதமாகவே வருகிறது.

என் கதையிலோ மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு தமிழாசிரியர் வந்துவிடுகிறார். பையன் தவறு செய்வதற்கு முன்பே அவனைத் திருத்திவிடுகிறார். அவன் கெட்டுவிடுவானோ என்ற பயம் அவனுடையதல்ல, என்னுடையது.

நேற்று அந்த ஆசிரியரை நீக்கிவிட்டேன். எஞ்சியவை 31 பக்கங்கள். பையன் இப்போது பள்ளிக்குச் செல்லாமல் பேருந்து நிலையத்தில் அமர்ந்திருக்கிறான். அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. முதன்முறையாக, தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.